சஃபோக் வீட்டுப் பழம்பொருள்கள்: பட்டியல் சொன்னதும் பொருள் சொன்னதும்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக்கில் ஒரு சிறு நகரத்து வீடு. அம்மா இறந்தபின் வீட்டை விற்க முடிவு செய்த மகள், அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, உள்ளே இருந்த பழைய சாமான்களை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் விவரித்து மதிப்பிட்டுத் தரும்படி என்னிடம் சொன்னார். கூடவே ஒரு தாளையும் கொடுத்தார். 1970களில் காப்பீட்டுக்காக யாரோ தட்டச்சு செய்த பட்டியல் அது. “மஹோகனிப் பெட்டியில் ஆளுயரக் கடிகாரம், லண்டன், சுமார் 1700.” “ராணி ஆன் காலத்து வால்நட் இழுப்பறைப் பெட்டி.” “இரண்டாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி பீர் கூஜா, லண்டன் 1747.” “ஹெஸ்டர் பேட்மன் மேஜைக் கரண்டிகள், ஆறு.” அவ்வளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கிலும் போலி என்று எதுவும் இல்லை. ஆனால் பட்டியல் சொன்னபடி இருந்தது கரண்டிகள் மட்டும்தான். மற்ற மூன்றும் நடுவழியில் மாற்றப்பட்டவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக. பழம்பொருளைப் பார்த்ததும் பலரும் கேட்பது “இது அசலா, போலியா?” என்றுதான். இங்கிலாந்து வீடுகளிலிருந்து வரும் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கேள்வி பயன்படுவதில்லை. எந்தப் பகுதி எந்தக் காலத்தது, பிறகு யார் எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று கேட்டால்தான் பொருள் பேச ஆரம்பிக்கும். அந்தப் பதில்களை மறைக்காமல் எழுதுவதுதான் விவரிப்பு, விலை அதற்குப் பின்னால் தானாக வரும்.

கடிகாரத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பட்டியலில் அந்த வரி இடித்தது. மஹோகனி மரம் லண்டன் கடிகாரப் பெட்டிகளில் பரவலானது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். கரீபியன் பகுதிக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரி இல்லை என்று 1721இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த மரம் இங்கிலாந்துத் தச்சர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. 1700இல் லண்டனில் நல்ல கடிகாரம் என்றால் வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத் தோல், ஒட்டிய பெட்டி, அல்லது பூ வடிவங்களைப் பல நிற மரத்தில் பதித்த பெட்டி, அல்லது கருப்புச் சாயம் ஏற்றியது. ஆகவே மஹோகனி என்பதும் 1700 என்பதும் ஒரே வரியில் நிற்கவே கூடாது. ஒன்று தேதி தவறு, இல்லையென்றால் பெட்டியும் இயந்திரமும் வேறு வேறு.

நேரில் பார்த்தால் பெட்டி உண்மையிலேயே அழகு. மேலே பகோடா மாதிரி எழும் தலைப்பகுதி, இரண்டு பக்கமும் பித்தளைப் பூண் போட்ட தூண்கள், கதவில் தீச்சுடர் போல ரேகை ஓடும் மஹோகனி. லண்டன் வேலை, சுமார் 1775 என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதலாம். முகப்பு பித்தளை, மேலே அரைவட்ட வளைவு, அதன் நடுவில் “டெம்பஸ் ஃப்யூஜிட்” என்று லத்தீனில் பொறித்த வட்டத் தகடு. எண்வளையத்தில் ஆறு மணிக்கு இரு பக்கமும் கடிகாரம் செய்தவரின் பெயர், அப்புறம் லண்டன். பெயர் பெரிய பெயர் இல்லை. இது எனக்கு நிம்மதியாகவே இருந்தது, ஏனென்றால் போலியாகப் பெயர் பொறிப்பவர்கள் தாமஸ் டாம்பியன், ஜார்ஜ் கிரஹாம் போன்ற புகழ்பெற்ற கடிகாரக்காரர்களின் பெயர்களைத்தான் தேடிப் போவார்கள். தெரியாத ஒருவரின் பெயரைப் போலியாகப் பொறித்து யாருக்கு என்ன லாபம்? லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் 1631இல் அரச பட்டயம் பெற்றது, அதன் உறுப்பினர் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட பட்டியல்கள் இருக்கின்றன. அதில் இந்தப் பெயர் 1690களில் வருகிறது. அப்படியானால் காப்பீட்டுப் பட்டியல் எழுதியவர் பெயரைத் தேடித் தேதி போட்டிருக்கிறார், பெட்டியைப் பார்த்து மரத்தை எழுதியிருக்கிறார், இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை.

தலைப்பெட்டியை முன்னால் இழுத்துக் கழற்றி, இயந்திரத்தை எடுத்து, முகப்பின் முதுகைப் பார்த்தபோது கதை வெளியே வந்தது. பழைய பித்தளைத் தகடு வார்த்து, சுத்தியலால் அடித்துப் பரப்பியது. அதன் பின்பக்கத்தில் வார்ப்புக் குழிகளும் சுத்தியல் தடங்களும் அப்படியே இருக்கும், யாரும் பார்க்காத பக்கத்தை மெருகேற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. இந்த முகப்பின் சதுரப் பகுதி அப்படித்தான் இருந்தது. மேலே இருந்த வளைவோ உருளையில் போட்டு இழுத்த தகடு, சீரான கனம், மழமழவென்ற முதுகு, நிறமும் கொஞ்சம் அதிக மஞ்சள். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டை வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். ஆக, முதலில் இது 12 அங்குலச் சதுர முகப்பு மட்டும்தான். வளைவு முகப்புகள் சுமார் 1715, 1720 வாக்கில்தான் வழக்கத்துக்கு வந்தன. பிறகு வளைவு திறப்பு உள்ள பெட்டிக்குள் நுழைக்க வேண்டி வந்தபோது யாரோ சதுரத்துக்கு ஒரு தொப்பி வைத்திருக்கிறார்கள்.

முகப்பும் இயந்திரமும் பிறவியிலிருந்தே சேர்ந்தவைதானா என்பது அடுத்த கேள்வி. கடிகாரத்தில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான், அதனால் இதில் நேரம் செலவழிக்க வேண்டும். முகப்பின் பின்னால் உள்ள கால்கள் இயந்திரத்தின் முன்தகட்டில் போய் உட்காரும். அங்கே பயன்படாத ஓட்டைகளோ, அடைத்த ஓட்டைகளோ இருந்தால் அந்த முகப்பு வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். இங்கே ஒன்றுகூட இல்லை. சாவி கொடுக்கும் துளைகள், எடைக்கயிறு சுற்றும் உருளைகளின் அச்சுக்கு நேராக நின்றன, துளையைப் பெரிதாக்கிய தடமும் இல்லை. எண்வளையத்தின் கால்களும் அவற்றுக்கான பழைய துளைகளிலேயே இருந்தன. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஐந்து தூண்கள், மணி அடிப்பதை எண்ணும் சக்கரம் உள்ளே. இவையெல்லாம் சுமார் 1705க்குப் பொருந்துகிற லண்டன் வேலை. மணிகளுக்கு இடையே கால் மணியைக் குறிக்கும் கோடுகள் எண்வளையத்தின் உள்விளிம்பில் இருந்தன. அந்த வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்துவிட்டது. முட்கள் மட்டும் பிற்காலத்தவை, ஒடிந்துபோன முட்களை மாற்றுவது சகஜம், அதை எழுதினால் போதும்.

பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இன்னொரு சாட்சி கிடைத்தது. எனக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்தது இதுதான். ஒரு விநாடிக்கு ஒரு முறை துடிக்கும் ஊசல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருந்தே ஆக வேண்டும். அது இயற்பியல், கடிகாரம் செய்தவரின் விருப்பம் இல்லை. பழைய பெட்டிகளின் பின்பலகையில் ஊசலின் குண்டு உரசி உரசி ஒரு வளைந்த தடம் விழுந்திருக்கும். இயந்திரம் அன்றைக்கு எந்த உயரத்தில் இருந்ததோ, அதற்கு ஒரு மீட்டர் கீழே அந்தத் தடம். இந்தப் பெட்டியில் தடம் இருந்தது, ஆனால் இப்போதைய ஊசல் குண்டுக்கு நான்கு விரல் அகலம் கீழே. அதாவது முன்பு இங்கே குடியிருந்த இயந்திரம் அந்த அளவு தாழ உட்கார்ந்திருந்தது. மேலே பார்த்தால் இயந்திரம் உட்காரும் இருக்கைப் பலகையின் இரு பக்கமும் பைன் கட்டைகளை வைத்து உயர்த்தியிருக்கிறார்கள், உயரம் கணக்காகச் சரியாக வருகிறது. அந்தக் கட்டைகளின் வெட்டுமுகத்தில் வளைந்த ரம்பத் தடங்கள், வட்ட ரம்பத்தால் அறுத்தவை, அதனால் 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போக வழியே இல்லை.

இந்தத் தொழிலில் இதற்குக் கல்யாணம் என்றே பெயர். ஒன்றின் இயந்திரம், இன்னொன்றின் பெட்டி. பழி போட ஆள் தேட வேண்டியதில்லை. கல் தரையில் நூறு வருடம் நின்ற பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் உளுத்துப் போகும், பூச்சி அரிக்கும். பித்தளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நல்ல இயந்திரத்தை வைத்திருக்கிற வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்த நல்ல பெட்டியில் அதை ஏற்றிவிடுவார். இரண்டும் லண்டன், இரண்டும் தரமானவை, நடுவே எழுபது வருட இடைவெளி. நான் எழுதியது இப்படி: “எட்டு நாள் ஓடும் இயந்திரமும் 12 அங்குலச் சதுர முகப்பும் லண்டன், சுமார் 1705, ஒன்றுக்கொன்று உரியவை. முகப்பின் வளைவு பிற்சேர்க்கை. முட்கள் மாற்றப்பட்டவை. மஹோகனிப் பெட்டி லண்டன், சுமார் 1775, வேறொரு கடிகாரத்துடையது, இருக்கைப் பலகை உயர்த்தப்பட்டுள்ளது.” பட்டியலின் ஒரு வரி நான்கு வாக்கியமாக நீண்டது. வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க அந்த நீளம் தேவை.

இழுப்பறைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. மேல் வரிசையில் மூன்று சிறு இழுப்பறைகள், அதற்குக் கீழே முழு அகல இழுப்பறைகள் மூன்று, முன்பக்க ஓரங்கள் சரிவாகச் செதுக்கி வரிவரியாகக் குடைந்தவை. இந்த மூன்று சிறிய இழுப்பறை அமைப்பும் சரிவான ஓரங்களும் ஒன்றாக வந்தால் உடனே யோசிக்க வேண்டியது டால்பாய். பெட்டிமேல் பெட்டியாக இரண்டு அடுக்கில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சாமான் அது, 1720க்கும் 1740க்கும் நடுவே வால்நட்டில் நிறைய செய்தார்கள். அதன் மேல் அடுக்கை மட்டும் தனியே எடுத்து, கால் வைத்து, மேலே ஒரு பலகை போட்டால் இந்தப் பெட்டி வந்துவிடும். கூரை தாழ்ந்த வீடுகளுக்கு டால்பாய் நுழையாது, பாகம் பிரிக்கும்போது அண்ணனுக்கு மேலடுக்கு, தங்கைக்குக் கீழடுக்கு என்று போனதும் உண்டு. கீழடுக்கு எங்கே இருக்கிறதோ.

உறுதிப்படுத்த வேண்டாமா? டால்பாயின் உச்சி கண்ணுக்கு மேலே இருக்கும், சுற்றிலும் கார்னிஸ் என்ற விளிம்பு அலங்காரப் பட்டை வேறு மறைக்கும், அதனால் அங்கே யாரும் வால்நட் வெனீர் ஒட்டிச் செலவழிக்க மாட்டார்கள். இந்தப் பெட்டியின் மேற்பரப்பில் வெனீர் இருந்தது. விளிம்பில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய தோல், இயந்திரக் கத்தியால் சீவியது. இழுப்பறை முகங்களில் இருந்ததோ கையால் அறுத்த வெனீர், இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத கனம், இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வு. கால்களைப் பிடித்திருந்த திருகாணிகள் கூர்முனை உள்ளவை. பழைய கைத்திருகாணிகளுக்கு முனை மழுங்கலாகவும் தலைப்பள்ளம் கோணலாகவும் இருக்கும், கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிந்தியது. கால்கட்டைகளின் வெளிப்பரப்பில் பூச்சி அரித்த வாய்க்கால்கள் நீளவாக்கில் திறந்து கிடந்தன. மரப்பூச்சி மேற்பரப்பில் வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும், வாய்க்காலை உள்ளுக்குள்தான் வெட்டும். வாய்க்கால் வெளியே தெரிந்தால் ஏற்கெனவே பூச்சி அரித்த பழைய கட்டையை யாரோ பிற்பாடு அறுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். போலி செய்பவர்களைப் பிடிக்க இதைவிட எளிய சான்று கிடையாது. இங்கே போலி நோக்கம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன், கைக்குக் கிடைத்த பழைய மரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம்.

நல்ல செய்தியும் இருந்தது. இழுப்பறைகள் தொடப்படாதவை. ஓக் பலகையின் ஓரங்கள், புறாவால் வடிவ டவ்டெயில் மூட்டுகளில் தச்சர் கோடு கிழித்த தடம், அடிப்பலகையில் ரேகை முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. சுமார் 1740க்குப் பிறகு அந்த ரேகையைப் பக்கவாட்டில் திருப்பினார்கள், ஆக நம் தேதிக்கு இது ஒத்துப்போகிறது. உள்ளே கைவைத்துத் தடவினால் கைப்பிடி இரண்டு முறை மாறியது தெரிகிறது: முதலில் இரண்டு துளை, பிறகு விக்டோரியா காலத்து மரக் குமிழுக்காக நடுவில் ஒரு பெரிய துளை, இப்போது பழைய பாணியில் புதிய பித்தளை. ராணி ஆன் ஆண்டது 1702 முதல் 1714 வரை, இரண்டாம் ஜார்ஜ் 1727 முதல் 1760 வரை. இந்த மரவேலை ராணி இறந்து பதினைந்து வருடமாவது கழிந்த பிறகு வந்தது. வால்நட் என்றாலே ராணி ஆன் என்று எழுதிவிடும் பழக்கம் வியாபாரத்தில் நீண்ட காலம் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ராணியின் பெயரைப் போட்டால் காலத்தைச் சொல்வதாக வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார், எழுதியவரோ பாணியைச் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்வார். அதனால் என் விவரிப்பில் ராணியே வரவில்லை: “இரண்டாம் ஜார்ஜ் காலத்து வால்நட் டால்பாயின் மேலடுக்கு, சுமார் 1730, பிற்காலத்தில் மேற்பரப்பும் கால்களும் சேர்த்து இழுப்பறைப் பெட்டியாக மாற்றப்பட்டது, கைப்பிடிகள் புதியவை.”

கரண்டிகள் சீக்கிரம் முடிந்தன. ஹெஸ்டர் பேட்மன் லண்டனில் கணவர் இறந்தபின் பட்டறையை நடத்தியவர், 1761இல் தன் முத்திரையைப் பதிவு செய்தார், 1790இல் ஓய்வுபெற்றார். இன்றைக்கு அவர் பெயருக்குத் தனி மவுசு உண்டு, அதனாலேயே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஆறிலும் தண்டின் அடிப்பாகத்தில், கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெள்ளியைச் சோதித்து அடிக்கும் ஹால்மார்க் முத்திரைகள், சுமார் 1780 வரை அதுதான் வழக்கம். வெள்ளியின் தரத்தைக் காட்டும் நடக்கும் சிங்கம், லண்டனைக் காட்டும் கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, 1779ஐக் குறிக்கும் சின்ன “டி” (d) எழுத்து, சாய்வெழுத்தில் அவர் முத்திரை. அரசரின் தலை இல்லை, இருக்கவும் கூடாது, ஏனென்றால் வரி கட்டியதைக் காட்டும் அந்த முத்திரை 1784 டிசம்பரில்தான் வந்தது. ஆறு கரண்டியிலும் முத்திரைகளின் இடைவெளியும் சாய்வும் வேறு வேறு. ஒவ்வொன்றையும் கையால் அடித்தால் அப்படித்தான் வரும். அச்செடுத்து வார்த்த போலிக் கரண்டிகளில் ஆறும் ஒரே இடத்தில், ஒரே குறையோடு, விளிம்பு மழுங்கி நிற்கும். கிண்ணத்தின் நுனி இடப்பக்கமாகத் தேய்ந்திருந்தது, வலக்கையால் பாத்திரத்தைச் சுரண்டிய தலைமுறைகளின் வேலை. சரி, இவை உண்மை.

இனி கூஜா. மதிப்பீட்டில் தவறினால் பணம் நஷ்டம், வெள்ளியில் தவறினால் சட்டம் வந்து நிற்கும், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்வைக்கு ஒரு பெரிய வயிறு உள்ள மூடிபோட்ட கூஜா. முன்னால் மூக்கு, உடம்பு முழுக்கத் தட்டி எழுப்பிய பூவும் இலையும், நடுவில் ஒரு சட்டத்துக்குள் குடும்பச் சின்னம். முத்திரைகள் கைப்பிடிக்கு வலப்பக்கம் விளிம்புக்குக் கீழே: சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, சின்ன “எம்” எழுத்து. லண்டனில் தேதி எழுத்து அப்போதெல்லாம் மே மாதக் கடைசியில் மாறும், அதனால் இது 1747, 48. முத்திரை உண்மை, பட்டியல் சொன்ன வருடமும் சரி. ஆனால் 1747இல் லண்டன் வெள்ளித் தட்டார் ஒருவர் இந்தப் பூவேலையைச் செய்திருக்க மாட்டார். உடம்பை இப்படி முழுக்கப் பூவால் மூடுவது விக்டோரியா காலத்து ரசனை. பூவை மனதில் நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது வெற்று உடம்பு, குவிந்த மூடி, கட்டைவிரல் பிடி, வளைந்த கைப்பிடி. அதாவது பீர் குடிக்கும் டாங்கர்டு. மூக்கு என்பது அதற்குக் கிடையாது.

1800க்குப் பிறகு மேட்டுக்குடி வீடுகளில் வெள்ளி டாங்கர்டில் பீர் குடிப்பது குறைந்தது. அலமாரியில் சும்மா கிடக்கும் பாத்திரத்தை விருந்து மேஜையில் வைக்கத் தோதாக மாற்றித் தரும்படி குடும்பங்களே வெள்ளிக்கடைகளில் கேட்டன. மூக்கு வைத்தார்கள், பூ தட்டினார்கள், சின்னம் பொறித்தார்கள். இது அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலை.

ஆனால் ஊகம் போதாது, ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். முதலில் மூச்சு. வெள்ளியின் மேல் வாயை அருகில் வைத்து ஊதினால் ஈரம் படியும் அந்த இரண்டு விநாடியில் பற்றவைத்த கோடுகள் வேறு நிறத்தில் தெரியும். மூக்கைச் சுற்றி முழுக் கோடு தெரிந்தது. முத்திரைகளைச் சுற்றியும் அதே மாதிரி ஊதிப் பார்த்தேன், அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1720 முதல் 1758 வரை இங்கிலாந்தில் புதிய வெள்ளிப் பாத்திரத்துக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி. கனமான பாத்திரம் செய்த தட்டார்கள் சிலர் ஒரு சின்னப் பொருளை மட்டும் முத்திரைக்கு அனுப்பி, குறைந்த வரி கட்டி, அந்த முத்திரைத் துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தில் பதித்துவிடுவார்கள். 1747 அந்த இடைவெளிக்குள் வருகிறது. அப்படி ஒட்டு ஏதும் இங்கே இல்லை, முத்திரை உடம்பிலேயே அடிக்கப்பட்டது. மேலும் ஒரு இலையின் நுனி சிறுத்தைத் தலை முத்திரையின் மேல் ஏறி அதை நசுக்கியிருந்தது. முத்திரை முதலில், பூ பிறகு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

அடுத்து எடை. 18ஆம் நூற்றாண்டில் வெள்ளிப் பாத்திரத்தின் அடியில் அதன் எடையை ஊசியால் கீறி வைப்பார்கள், டிராய் அவுன்ஸிலும் பென்னிவெயிட்டிலும். வெள்ளி அன்றைக்குக் கிட்டத்தட்ட பணமேதான், எடை தெரியாமல் வைத்திருக்க மாட்டார்கள். இந்தக் கூஜாவின் அடியில் 26, 4 என்று மங்கலாகக் கீறல். 26 அவுன்ஸ், 4 பென்னிவெயிட். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ், ஆக 815 கிராம். தராசில் வைத்தால் 968 கிராம். பழைய வெள்ளி தேய்த்துத் தேய்த்து எடை குறையும், கூடாது. 150 கிராமுக்கு மேல் கூடியிருக்கிறது என்றால் அந்த வெள்ளி எங்கிருந்தோ வந்தாக வேண்டும், மூக்கிலும் அதைத் தாங்கும் உள்பட்டையிலும்தான் அது இருக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாமல், படிப்பு இல்லாமல், ஒரு தராசும் ஒரு கீறலும் சேர்ந்து சொன்ன சாட்சி இது. பழைய வெள்ளி வாங்குகிற எல்லோரும் முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

மூடியின் உள்பக்கத்தில் அதே சிங்கம், அதே எழுத்து, மூடி அசல். கைப்பிடியின் முதுகில் மூன்று எழுத்து முக்கோணமாக, மேலே ஒன்று கீழே இரண்டு. அது மணமான தம்பதியின் குறி: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன், மனைவி. நடுச் சட்டத்தில் உள்ள சின்னம் அந்த எழுத்துகளோடு சேராத வேறொரு குடும்பத்துடையது, பூவேலைக் காலத்தது. சட்டத்துக்குள் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். பழைய சின்னத்தை ராவி அழித்திருந்தால் அந்த இடம் மெலிந்து சற்று உள்வாங்கும். அப்படி உள்வாங்கவில்லை. மூக்கில் ஒரு முத்திரையும் இல்லை.

பிரச்சினை அங்கேதான். முத்திரை பெற்ற வெள்ளியில் எதையாவது சேர்த்தாலோ மாற்றினாலோ சேர்த்த பகுதியை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கிலாந்தில் பழைய விதி, இன்றைக்கு 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுப்பாமல் மாற்றிய பொருளை ஏல நிறுவனம் விற்பனைக்கு வைக்க முடியாது, 150 வருடப் பழைய மாற்றம் என்ற சமாதானம் செல்லாது. கெடுபிடி என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கெடுபிடிக்கு வரலாறு இருக்கிறது. 1890களின் இறுதியில் லண்டனில் சார்லஸ் ட்வினம் பழைய முத்திரைகளைப் போலியாகச் செய்து வெள்ளிச் சாமான்களில் அடிக்க, ரூபன் லயன் அவற்றை விற்க, தட்டார் சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனி வழக்குப் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. அந்தக் கம்பெனியின் பழம்வெள்ளிக் குழு இன்றும் சந்தேகப் பொருள்களைப் பரிசோதித்து முடிவு சொல்கிறது. உலகத்தில் வேறு எந்தப் பழம்பொருளுக்கும் இவ்வளவு நம்பகமான பிறப்புச் சான்று கிடையாது என்றால், அந்த நம்பகம் சும்மா வரவில்லை.

மகளிடம் மூன்று வழிகளையும் சொன்னேன். விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், வைத்திருப்பதில் குற்றமில்லை. மூக்கைக் கழற்றி, துளையை அடைத்து, பூவைத் தட்டித் தட்டையாக்கிப் பழைய டாங்கர்டு ஆக்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். அல்லது குழுவுக்கு அனுப்பி, மூக்கைச் சேர்க்கையாக அங்கீகரித்துப் புதிய முத்திரை போடக் கேட்கலாம். இரண்டாவது வழியை நான் கடுமையாக எதிர்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை தட்டி எழுப்பிய வெள்ளியைத் திரும்ப அடித்துத் தட்டையாக்கினால் அது மெலியும், முத்திரைகள் இன்னும் நசுங்கும், அடைத்த துளைக்குப் புதிய வெள்ளி வரும். முடிவில் கிடைப்பது 1747 பாத்திரமும் இல்லை, 1850களின் பாத்திரமும் இல்லை. இந்த மூக்கும் பூவும்கூட ஒரு குடும்பம் விரும்பிச் செய்துகொண்டவை, அவற்றுக்கும் இப்போது வயதாகிவிட்டது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். மூக்கின் வெள்ளி 92.5 சதவீதத் தரத்துக்குக் குறையாமல் இருந்ததால் அதில் நவீன முத்திரை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். என் விவரிப்பு இப்படி அமைந்தது: “இரண்டாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி டாங்கர்டு, லண்டன் 1747, விக்டோரியா காலத்தில் மூக்கும் பூவேலையும் சின்னமும் சேர்த்துக் கூஜாவாக மாற்றப்பட்டது. மூக்கு சேர்க்கையாகப் பின்னர் முத்திரையிடப்பட்டது. அடியில் பழைய எடைக் கீறல் 26 அவுன்ஸ் 4 பென்னிவெயிட், இப்போதைய எடை 968 கிராம்.” இரண்டு எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லி வற்புறுத்தினேன். படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

விலை விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினோம். மாற்றப்படாத டாங்கர்டுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பகுதிதான் கூஜாவுக்கு, கீழ்வரம்பு வெள்ளியின் உலோக விலை. கடிகாரத்துக்கு 600 முதல் 900 பவுண்டு என்று எழுதினேன். அதே இயந்திரம் அதன் சொந்த வால்நட் பெட்டியில் இருந்திருந்தால் பல மடங்கு போயிருக்கும். இழுப்பறைப் பெட்டிக்கு 300 முதல் 500 பவுண்டு. பழுப்பு மரச்சாமான்களின் விலை 2000க்குப் பிறகு கண்ட வீழ்ச்சியில் மாற்றப்படாத ஜார்ஜ் காலத்துப் பெட்டிகளே மலிவாகப் போகின்றன. முந்நூறு வருடம் ஆகப்போகிற வால்நட் இழுப்பறைகள் ஒரு புதிய பலகைப் பெட்டியின் விலையில் கிடைப்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. கரண்டிகள் மட்டும் பேட்மன் பெயரால் பட்டியலின் எதிர்பார்ப்பைக் காப்பாற்றின.

சாவித்துளைகளைச் சுற்றி மரமோ பித்தளையோ மட்டும் இருந்ததால் ஒரு தலைவலி குறைந்தது. தந்தம் இருந்திருந்தால் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947 மார்ச்சுக்கு முந்தியது, மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குக் குறைவு என்று பதிவு செய்துவிட்டுத்தான் விற்கலாம். வெள்ளி டீப்பாத்திரக் கைப்பிடிகளில் சூடு தாங்க வைக்கும் சிறு தந்த வளையங்களுக்கும் இதே விதி, பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏல நிறுவனம் என் நான்கு விவரிப்புகளில் கடிகாரத்தினுடையதைச் சுருக்கி, “பெட்டி பிற்காலத்தது” என்று இரண்டு சொல்லில் முடிக்கப் பார்த்தது. நான் விடவில்லை. பிற்காலத்தது என்றால் அந்த இயந்திரத்துக்காகப் பிறகு செய்தது என்றும் படிக்கலாம், வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தது என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். முழு வாக்கியமும் அச்சானது. வாங்கியவர் லண்டன் இயந்திரங்களைச் சேகரிப்பவர், சதுர முகப்பும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று உரியவை என்ற வரிக்காகவே வந்ததாகச் சொன்னார், மதிப்பீட்டின் மேல்வரம்பைத் தாண்டிக் கொடுத்தார். கூஜாவை மகள் கடைசி வாரத்தில் ஏலத்திலிருந்து எடுத்துக்கொண்டார், முத்திரைச் செலவையும் சேர்த்துத்தான். பழைய பட்டியல் தாளையும் புதிய விவரிப்பையும் ஒரே உறையில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னேன், அடுத்து மதிப்பிடுகிறவருக்கு இரண்டும் வேண்டும்.